பிள்ளையாருக்கு எத்தனை அடி?

2025 ஜூலையில் மகாராஷ்டிர அரசு கணேசோற்சவத்தை மாநில விழாவாக அறிவித்தது. அதே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம், சிலைக் கரைப்பு பற்றி இடைக்கால உத்தரவு ஒன்று போட்டது. ஆறடி வரையிலான பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார்களைச் செயற்கைக் குளத்தில்தான் கரைக்க வேண்டும். அதற்கு மேல் உயரமானவற்றை, வேறு வழியில்லாவிட்டால், கடலிலேயே விடலாம். இந்தச் சலுகை 2026 மார்ச் வரை. நடைமுறைச் சிக்கலை உணர்ந்த தீர்ப்பு என்று இதற்குச் சப்பைக்கட்டு கட்டுகிறவர்கள் அதைத் திருப்பிப் படித்துப் பார்க்கலாம். வீட்டுக் கூடத்தில் வைத்த ஓரடிப் பிள்ளையாரால் கடல் கெடும், ஆகவே அவருக்குத் தொட்டி. பதினைந்தடிப் பிள்ளையார் தொட்டிக்குள் அடங்க மாட்டார், ஆகவே அவருக்குக் கடல். எவ்வளவு பெரிதாகச் செய்கிறோமோ அவ்வளவு விதிவிலக்கு. நம் பக்கத்தில் இந்த வழக்கு வேறு வேடத்தில் வருகிறது. ஆவணி பிறந்துவிட்டால் விதைப் பிள்ளையார், சாணப் பிள்ளையார், மஞ்சள் பிள்ளையார், பாலில் கரைத்துக் குடித்துவிடக்கூடிய சாக்லேட் பிள்ளையார் என்று பத்திரிகைகளில் படம் வரும். பொருளை மாற்றிவிட்டால் பாவம் கழுவப்பட்டுவிடும் என்பது இந்தப் பசுமை மோஸ்தரின் நம்பிக்கை. பொருளைப் பற்றியே பேசிப் பேசி உயரத்தைப் பற்றிப் பேசாமல் தப்பித்துவிட்டோம் என்பது என் கட்சி.

விழாவின் நல்ல பக்கத்தை மறுப்பதற்கில்லை. கோயில் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கும் தெருமுனைப் பந்தல் சாமியைக் கொண்டுவந்து தந்தது. பூசாரி இல்லாமல், அறங்காவலர் இல்லாமல், பத்து இளைஞர்கள் சேர்ந்தால் ஒரு வழிபாட்டிடம் உருவாகிவிடும். குலதெய்வத்தைக் கடலுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு வந்த அந்தமான்காரர்களுக்கு அதன் அருமை இன்னும் கூடுதலாகத் தெரியும். 2011 கணக்கெடுப்பின்படி அந்தத் தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழ் பேசுகிறவர்கள், பதின்மூன்று பேர் தெலுங்கு பேசுகிறவர்கள். வங்காளிகள் அதைவிட அதிகம். துர்க்கா பூஜையும் பங்குனி உத்திரமும் பிள்ளையார் சதுர்த்தியும் அங்கே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்ளும் நாட்கள். இதெல்லாம் சரிதான். இதில் எதற்கும் பன்னிரண்டு அடி தேவையில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

இந்த விழாவைச் சோதித்துப் பார்க்க ஜங்லிகாட்டைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட அந்தமான் தலைநகர் போர்ட் பிளேரின் மேற்குப் புறத்தில், துறைமுகத்துக்கு உள்ளே ஒதுங்கிய ஒரு விரிகுடாவின் கரையில் இருக்கிறது அது. மீன்பிடிப் படகுகள் வந்து அணையும் ஜெட்டியும் மீன் இறக்குமிடமும், அவற்றைச் சுற்றித் தெலுங்கும் தமிழும் இந்தியும் கலந்து பேசும் குடியிருப்பும்தான் ஜங்லிகாட். மெரினாவைப் போலத் திறந்த கடல் இல்லை. அலை வந்து அடித்து இழுத்துக்கொண்டு போகாது. தண்ணீர் மாறுவதென்றால் ஏற்றவற்றத்தை நம்பித்தான் மாற வேண்டும். அந்த ஏற்றவற்றத்துக்கும் இந்த விழாவின் நாட்கணக்குக்கும் உள்ள உறவைக் கமிட்டிகள் யோசிப்பதில்லை. அமாவாசை கழிந்த நாலாம் நாள் சதுர்த்தி. மூன்றாம் நாள் கரைப்பு என்றால் சஷ்டி, ஐந்தாம் நாள் என்றால் அஷ்டமி. அமாவாசை ஓதத்தின் வேகம் தணிந்து, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் குறைந்து வரும் நாட்கள் இவை. அதாவது, உள்விரிகுடாத் தண்ணீர் குறைவாகப் புரளும் நாட்களாகப் பார்த்துச் சிலையை இறக்குகிறோம். மாறாக, பம்பாய் வழக்கப்படி அனந்த சதுர்தசி வரை வைத்திருந்தால் அது பௌர்ணமிக்கு முந்தைய நாள். ஓதம் ஓங்கி நிற்கும். 2025 செப்டம்பரில் பம்பாயின் லால்பாக் ராஜா பிள்ளையாரை கிர்காவ் கடற்கரைக்குக் கொண்டுவந்தவர்கள் ஏற்றத்தில் சிக்கி, புதிதாகச் செய்த மிதவையில் சிலையை ஏற்ற முடியாமல், பல மணி நேரம் சாமியை இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி வைத்ததை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் கூடவே இருந்தும் இப்படி. ஒரு சாண் பிள்ளையாரைக் கையில் எடுத்துக்கொண்டு போகிறவருக்கு ஏற்றமானால் என்ன, வற்றமானால் என்ன? முழங்கால் தண்ணீர் போதும்.

உயரம் என்பது வெறும் ஆடம்பரம், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம் என்பவர்கள் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு சாண் என்பது முக்கால் அடி. அதே பிள்ளையாரை ஒன்பதடியாக்கினால் உயரம் 12 மடங்கு. அகலமும் கனமும் அதே அளவில் கூடுவதால் பருமன் 1,728 மடங்கு. உள்ளே பொள்ளலாகத்தானே செய்கிறார்கள் என்று கேட்கலாம். பொள்ளலாகச் செய்தாலும் மேல்பரப்பு 144 மடங்கு. வர்ணம் பூசுவது மேல்பரப்பில்தான். பத்தடிக்குக் களிமண்ணை மட்டும் நம்ப முடியாது, காயும்போதே வெடிக்கும். ஆகவே உள்ளே சட்டகம் வேண்டும்: மரம், மூங்கில், இரும்புக் கம்பி, வைக்கோல், சணல். லாரியில் குலுங்கினால் தாங்க வேண்டும், ஆவணி மழையில் நனைந்தால் கரையக் கூடாது. கடைசியில் கரைய வேண்டிய ஒன்றைக் கரையாதபடி செய்ய வேண்டியிருக்கிறது என்பதுதான் இதில் பெரிய வேடிக்கை. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இந்தத் தேவைக்கென்றே பிறந்ததுபோல வந்து சேர்ந்தது. லேசானது, மலிவானது, அச்சில் சீக்கிரம் இறுகும். தண்ணீர் சேர்த்து இறுகியதும் அது மறுபடி ஜிப்சம் ஆகிவிடுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு, இரண்டரை கிராம்தான் கரையும். குளத்தில் போட்ட கை, துதிக்கை, பாதியுடைந்த முகம் எல்லாம் மாதக்கணக்கில் அப்படியே கிடப்பதன் காரணம் இதுதான். அந்தமானில் இதற்கு இன்னொரு படியும் உண்டு. அங்கே ஜிப்சம் சுரங்கம் கிடையாது. மூட்டை மூட்டையாக வெளியிலிருந்துதான் வர வேண்டும். சென்னையிலிருந்து 1,200 கிலோமீட்டர் அளவுக்குக் கப்பலில் கொண்டுவந்த சரக்கை ஊர்க் கடலுக்குள்ளேயே கொட்டிவிடுவதற்குப் பக்தி என்று பெயர் வைப்பது எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருக்கிறது.

பசுமைக்காரர்கள் இந்த இடத்தில் குறுக்கே வருவார்கள்: அதற்குத்தானே மாற்றுப் பொருள் சொல்கிறோம்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2010-இலேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2020 மே மாதம் திருத்தி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடாது என்றே சொல்லிவிட்டது. 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தனி நீதிபதி அத்தகைய சிலைகளின் விற்பனைக்கு அனுமதித்ததை இரு நீதிபதிகள் அமர்வு நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. நல்லதுதான். தடை வந்த பிறகு என்ன நடந்தது? நம் ஊர்ப் பெரிய சிலைகள் காகிதக் கூழுக்கும் கிழங்கு மாவுக்கும் மாறின, உயரம் மாறவில்லை. காகிதமும் மாவும் விஷம் இல்லை என்பது உண்மை. ஆனால் தேங்கிய தண்ணீரில் அவை அழுகும்போது நுண்ணுயிர்கள் தண்ணீரிலுள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொண்டுதான் அழுகவைக்கும். ஒரு சாண் சிலையின் காகிதத்தை விரிகுடா கவனிக்கவே கவனிக்காது. நூறு கிலோக் கூழ், அதுவும் ஒரே ஜெட்டியின் அடியில், ஒரே சாயங்காலத்தில் என்றால் மீனுக்கு மூச்சு முட்டும். புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகம் அம்மோனியம் பைகார்பனேட் கரைசலில் பிளாஸ்டரைக் கரைக்கும் முறை ஒன்றைச் சொல்லித் தந்திருக்கிறது. வீட்டில் ஒரு வாளிக்குள் அருமையாக நடக்கும். பன்னிரண்டு அடிக்கு எத்தனை வாளி?

பொருளை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்பதற்கு எதிர்ச்சாட்சி வேண்டுமானால் ஹைதராபாத்தில் நிற்கிறார், கைரதாபாத் பிள்ளையார். 1954-இல் ஓரடி உயரத்தில் ஆரம்பித்தது. ஆண்டுக்கு ஓரடி என்று ஏற்றி ஏற்றி 2014-இல் அறுபதடியாயிற்று. பிறகு விமரிசனங்கள் வந்தன, நீதிமன்றம் வந்தது, இப்போது களிமண்ணுக்கு மாறியிருக்கிறார்கள். களிமண்ணுக்கு மாறிய பிறகு 2024-இல் உயரம் எவ்வளவு? எழுபதடி! மண் என்ற ஒரு சொல்லே உயரத்துக்கு அனுமதிச் சீட்டு ஆகிவிட்டது. உள்ளே டன் கணக்கில் இரும்பு, வெளியே சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்ற பாராட்டு. தெலுங்கு மக்களின் விழா மரபு ஜங்லிகாட்டில் வேர் பிடித்திருக்கிறது என்பதால் இந்த முன்மாதிரியை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய ஊரில் எழுபது என்றால் சின்ன ஊரில் பதினைந்தாவது வேண்டாமா என்றுதான் கமிட்டிக்குள் பேச்சு ஓடும். தமிழ்நாட்டில் 2018-இல் அரசு, பீடத்தையும் சேர்த்துப் பத்தடிக்கு மேல் போகக் கூடாது என்று விதித்தது. மேல்வரம்பு என்று அரசாங்கம் எழுதியதைக் கமிட்டி இலக்கு என்று படித்துக்கொள்ளும்.

உயரம் தண்ணீரைத்தான் கெடுக்கிறது என்று நிறுத்திக்கொண்டால் பாதியைத்தான் சொன்னதாகும். விழாவின் மற்ற நோய்களுக்கும் வேர் அங்கேதான். ஒரு சாண் பிள்ளையாருக்கு வசூல் தேவையில்லை. பத்தடிக்குத் தேவை, பத்தடியை நிறுத்தப் பந்தல், பந்தலுக்கு விளக்கு, விளக்குக்கு ஜெனரேட்டர், இதற்கெல்லாம் ரசீதுப் புத்தகம். கடைக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்பதில் மனக்கசப்பு. அடுத்த தெரு எத்தனை அடி வைத்தது என்பதில் போட்டி. ஹைதராபாத் பக்கத்துப் பாலாபூரில் 1994-இல் 450 ரூபாய்க்கு ஏலம் போன பிள்ளையார் லட்டு 2024-இல் 30 லட்சத்தைத் தாண்டியது. பிரசாதத்துக்கே இந்தக் கதி என்றால் மற்றதைச் சொல்ல வேண்டாம். சென்னையில் 1983-இல் திருவல்லிக்கேணிப் பக்கம் பொதுவிடச் சிலையும் ஊர்வலமும் தொடங்கியபோதே அதன் நோக்கம் பிள்ளையாரோடு முடிவதாக இல்லை. ஊர்வலம் என்பது உயரமான உருவத்துக்குத்தான் வேண்டும். இடுப்பில் அணைத்துக்கொண்டு போகக்கூடிய சாமிக்கு எந்த மசூதித் தெரு வழியாகப் போவது என்ற பிரச்சினை வராது, போலீஸ் பந்தோபஸ்தும் வராது. கடைசியில் பட்டினப்பாக்கத்தில் நடப்பதைப் பாருங்கள். கிரேன் வந்து நிற்கும். நைலான் பெல்ட்டைப் பிள்ளையாரின் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்குவார்கள். அந்தரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முகம் கவிழ, முதுகு காட்டி, அலைக்குள் தொப்பென்று விழுவார். ஒரு கை தனியாக ஒதுங்கும். பத்து நிமிஷத்துக்கு முன்னால் இதே உருவத்துக்குத் தீபாராதனை காட்டினார்கள். பழுதான லாரியைத் தூக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யாராவது கேட்டால் அவரை நாத்திகர் என்பார்கள். நாத்திகருக்கு இதில் ஒரு நஷ்டமும் இல்லை. வருத்தப்பட வேண்டியவர் பக்தர்தான்.

இது ஒரு பிறந்தநாள் விழா என்பதே மறந்துபோய்விட்டது. பார்வதி தன் மேனியில் பூசிய மஞ்சளை வழித்து உருட்டிப் பிடித்த பிள்ளை அது. கைக்குள் அடங்கிய பிறப்பு. பிடித்து வைத்தால் பிள்ளையார் என்று நம் வீடுகளில் சொல்வது அந்தக் கதையின் வழக்காறு. தெருவோரத்தில் மர அச்சுக்குள் களிமண்ணை அமுக்கி, ஓரத்துப் பிசிறைக் கட்டைவிரலால் வழித்து, அச்சைத் தட்டிக் கவிழ்ப்பார்கள். பலகையில் ஈரம் காயாமல் உட்கார்ந்திருப்பார். கண்ணுக்கு இரண்டு குன்றிமணி, தலைக்கு மேல் காகிதக் குடை, கழுத்தில் எருக்கம்பூ மாலை. கொழுக்கட்டையும் சுண்டலும் முடிந்து மறுநாளோ மூன்றாம் நாளோ கிணற்றிலோ குளத்திலோ விட்டால், விட்ட இடத்தில் கொஞ்சம் கலங்கல், அவ்வளவுதான். இந்த வழிபாட்டில் ஆள் சாமியைவிடப் பெரியவன். குழந்தையைப் பார்ப்பதுபோலக் குனிந்து பார்க்கிறான். பதினைந்தடிக்கு அண்ணாந்து பார்க்க வேண்டும். அண்ணாந்து பார்ப்பதற்கு ஏற்கெனவே கோபுரம் இருக்கிறது.

பெரிய பிள்ளையார் நமக்குப் புதிதா, மதுரையில் முக்குறுணிப் பிள்ளையார் இல்லையா, சதுர்த்தியன்று பதினெட்டுப் படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து படைப்பதில்லையா என்று ஒரு கேள்வி வரும். இருக்கிறார், படைக்கிறார்கள். அவர் கல். வண்டியூர்த் தெப்பக்குளம் தோண்டியபோது மண்ணிலிருந்து வந்தவர் என்று சொல்கிற ஊர் அவரைத் திரும்ப அந்தக் குளத்தில் போட நினைக்கவில்லை. நிலைத்து நிற்கிறவர் எவ்வளவு பெரிதாகவும் இருக்கலாம். கரைகிறவருடைய அளவைத் தண்ணீர்தான் சொல்ல வேண்டும். வங்காளிகளின் துர்க்கை ஆளுயரத்துக்கு மேல் களிமண்ணில்தானே இருக்கிறாள் என்பது அடுத்த கேள்வி. குமார்துலியில் வைக்கோல் கட்டி மண் பூசும் கைத்திறன் தலைமுறைகளாக வந்தது, அதன் அழகை நான் குறைத்துச் சொல்லவில்லை. என்றாலும் வைக்கோலும் மூங்கிலும் வர்ணமும் தண்ணீருக்குள் போகும் கதை அங்கேயும் இதேதான். ஒரு தவற்றுக்கு இன்னொன்று சாட்சி ஆகாது. மூன்றாவது கேள்விதான் கனமானது: வருஷம் முழுக்க ஊர்ச் சாக்கடை விரிகுடாவுக்குள் இறங்குகிறது, படகுகளின் எண்ணெய் இறங்குகிறது, மீன் கழிவு இறங்குகிறது, ஒரு நாள் பிள்ளையார் மட்டும் உங்கள் கண்ணை உறுத்துகிறாரா? சாக்கடைதான் பெரிய குற்றவாளி என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் சாக்கடையை யாரும் கும்பிட்டு, ஆரத்தி எடுத்து, மேளம் கொட்டித் தண்ணீரில் விடுவதில்லை. அதை நகராட்சியிடம் கேட்க வேண்டும், கேட்கவும் செய்கிறோம். விழாவை நம் விருப்பத்தால் நடத்துகிறோம்; அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாமேதான். மேலும் ஜங்லிகாட்டில் பந்தல் போடுகிறவரும் அதே தண்ணீரில் வலை வீசுகிறவரும் பெரும்பாலும் ஒரே குடும்பமாக இருப்பார்கள் என்பதைச் சொல்ல நான் தேவையில்லை.

சிலையைக் குறுக்கினால் கூட்டம் குறைந்துவிடும், இளைஞர்கள் போய்விடுவார்கள் என்று கமிட்டிகள் அஞ்சுகின்றன. அதற்கு ஊரிலேயே பதில் இருக்கிறது. தீவுத் தமிழர்கள் திரண்டு கொண்டாடும் பங்குனி உத்திரத்தில் காவடி எடுக்கிறார்கள், அலகு குத்துகிறார்கள், ஊர் முழுக்கச் சுற்றுகிறார்கள். முருகன் மாலையில் கோயிலுக்குத் திரும்பிவிடுகிறான், கடலுக்கு ஒன்றும் போவதில்லை. பிள்ளையாருக்கே முன்மாதிரி வேண்டுமானால் இந்தப் பொதுவிட விழா பிறந்த புனேக்குத்தான் போக வேண்டும். திலகர் 1893-இல் அதைப் பரப்புவதற்கு ஓராண்டு முன்பே பாவுசாகேப் ரங்காரி வைத்த பிள்ளையார் இன்றும் அதே உருவம்தான். ஆண்டுதோறும் ஊர்வலம் போய்த் திரும்பி வருகிறார், கரைவதில்லை. தக்டுசேட் பிள்ளையாரும் பெரிய மூர்த்தி கோயிலுக்குப் போய்விட, சிறிய உருவம் மட்டும் தண்ணீருக்குப் போகிறது. பழமையின் பேரில் பதினைந்தடியைத் தாங்கிப் பிடிக்கிறவர்கள் இந்தப் பழமையைப் பற்றி வாய் திறப்பதில்லை. பந்தலில் வைக்க உலோகத்திலோ மரத்திலோ ஓர் உருவத்தை ஒரு தடவை செய்து, ஆண்டுதோறும் எடுத்து வைத்துக்கொள்ளலாம்; சதுர்த்தியன்று அதன் காலடியில் ஒரு சாண் களிமண் பிள்ளையாரைப் பிடித்து வைத்து அவரை மட்டும் ஜெட்டிக்குக் கொண்டுபோகலாம். அடுத்த ஆண்டு ரசீதுப் புத்தகம் மெலியும். சில கமிட்டிகளுக்கு இதில் இருக்கும் உண்மையான தடை அதுவாகத்தான் இருக்கும்.